சீகிரியாக் காடு குறைந்ததா, கணக்குப் பிழைத்ததா?

கேள்வி: தம்புள்ளைப் பக்கம் ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். உயர்தர மாணவர்களின் செயற்றிட்டத்துக்காக, சீகிரியாக் குன்றைச் சுற்றியுள்ள காட்டின் சென்டினல்-2 செய்மதிப் படங்கள் இரண்டை எடுத்தோம். ஒன்று 2019 பெப்ரவரிப் படம். அந்த ஆண்டிலேயே இறக்கி வைத்திருந்தேன். மற்றது 2024 பெப்ரவரிப் படம். இரண்டுமே வளிமண்டலத் திருத்தம் செய்த ‘மேற்பரப்புத் தெறிப்பு’ வகை. குன்றுக்குத் தெற்கே காட்டுக்குள் ஓர் இடத்தில் 2019இல் சிவப்பு 412, அகச்சிவப்பு 3190. அதே இடத்தில் 2024இல் சிவப்பு 1431, அகச்சிவப்பு 4167. தாவரச் சுட்டெண் 0.77இலிருந்து 0.49 ஆக விழுகிறது. “சேனைக்காரர் காட்டை வெட்டிவிட்டார்கள்” என்று பிள்ளைகள் அறிக்கை எழுத ஆயத்தமாகிவிட்டார்கள். அப்படி எழுதலாமா?
— ஓர் ஆசிரியை, மாத்தளை மாவட்டம்

பதில்: எழுத வேண்டாம், டீச்சர். நீங்கள் அனுப்பிய நான்கு இலக்கங்களே அந்தக் காடு அப்படியே இருப்பதைக் காட்டுகின்றன.

பச்சை இலை சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். அண்மை அகச்சிவப்பை நன்றாகத் தெறிக்கும். காட்டை வெட்டினால் சிவப்பு கூடும், அகச்சிவப்பு குறையும். உங்கள் படத்தில் இரண்டுமே கூடியிருக்கின்றன. அதுவும் சிவப்பில் 1019, அகச்சிவப்பில் 977. வெட்டுக்கத்தியோ தீயோ இரண்டு அலைவரிசையிலும் ஏறக்குறைய ஒரே தொகையைக் கூட்டாது.

கூட்டியது தரவைப் பதப்படுத்திய முறைதான். சென்டினல்-2 படங்களின் இலக்கத்தை 10,000ஆல் வகுத்தால் தெறிப்பு விகிதம் வந்துவிடும் என்பது பழைய வழக்கம். ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2022 ஜனவரி 25 முதல் 04.00 என்ற புதிய பதிப்பில் படங்களை வெளியிடத் தொடங்கியபோது ஒவ்வோர் இலக்கத்துடனும் 1000 கூட்டப்பட்டது. நீர், நிழல் போன்ற இருண்ட இடங்களில் திருத்தத்துக்குப் பின் பெறுமானம் சில வேளை பூச்சியத்துக்குக் கீழே போகும். அதை வெட்டி எறியாமல் காப்பதற்கான ஏற்பாடு இது. நாம்தான் 1000ஐக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். கழித்துப் பாருங்கள்: சிவப்பு 431, அகச்சிவப்பு 3167. சுட்டெண் 0.76. ஐந்தாண்டு இடைவெளியில் 0.01 வித்தியாசம் ஒரு செய்தியே அல்ல.

திகதியை மட்டும் பார்த்துக் கழித்துவிடாதீர்கள். பழைய படங்களும் பின்னர் புதிய முறையில் மறுபடி பதப்படுத்தப்பட்டு வெளிவந்திருக்கின்றன. அதே 2019 படத்தை இன்று இறக்கினால் அதிலும் அந்த 1000 இருக்கலாம். கோப்பின் பெயரில் ஆங்கில ‘N’ எழுத்தை அடுத்து வரும் நான்கு இலக்கங்கள்தான் பதிப்பு எண். 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழியுங்கள். கூகுள் எர்த் என்ஜினில் இதைச் சமப்படுத்திய தொகுப்பு தனியாக இருக்கிறது. அங்கே மறுபடி கழித்தால் அதுவும் பிழை. லாண்ட்சாட் செய்மதிப் படங்களுக்குக் கணக்கே வேறு: இலக்கத்தை 0.0000275ஆல் பெருக்கி 0.2ஐக் கழிக்க வேண்டும்.

இனி, மேற்பரப்புத் தெறிப்பு என்பது என்ன என்று பிள்ளைகளுக்கு விளங்க வையுங்கள். 786 கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும் செய்மதி அளப்பது தன்னை வந்தடையும் ஒளியை. அதில் மண்ணும் மரமும் தெறித்தது ஒரு பங்குதான். காட்டின் மேல் நீல நிறத்தை எடுத்தால், மேலே போய்ச் சேரும் ஒளியில் பாதிக்கு மேல் காற்று சிதறடித்தது. சூரியனும் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் ஒளி தருவதில்லை. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்குக் கிட்ட இருப்பதால் யூலையை விட ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறது. வந்த ஒளி, சூரியனின் தூரம், அதன் சாய்வு, நீராவி, தூசு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, நிலத்தில் விழுந்த ஒளியில் எத்தனை பங்கு திரும்பியது என்று காண்பதே அந்த விகிதம். 412 என்றால் நூற்றுக்கு நான்கு பங்கு.

இதில் ஆகக் கடினம் தூசியும் புகையும். ஆவணி, புரட்டாதியில் பெரும்போகத்துக்கு முன் சேனைகளை எரிக்கும் நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். சென்டினல் படங்களைத் திருத்தும் சென்2கோர் மென்பொருள், படத்துக்குள்ளேயே அடர்ந்த இருண்ட காட்டுப் புள்ளிகளைத் தேடும். புகையால் அதிகம் பாதிக்கப்படாத குறுஅலை அகச்சிவப்பில் அவை எவ்வளவு தெறிக்கின்றன என்று பார்த்து, சிவப்பிலும் நீலத்திலும் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று மதிப்பிடும். மீதியைத் தூசியின் கணக்கில் எழுதும். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் உங்கள் உலர்வலயக் காடு இந்த வேலைக்கு உகந்தது. எனக்கு இதில் பெரிய வியப்பு உண்டு: நாம் அளக்க வந்த காடே அளவுகோலாகவும் நிற்கிறது. ஆனால் இது மதிப்பீடுதான். அதனால்தான் நமீபியாவின் கோபபெப் பாலைநிலம் போன்ற இடங்களில் தரையில் கருவி வைத்து, மேலிருந்து சொன்னதைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். குஜராத்தின் சின்ன ரண் உப்புவெளியில் இஸ்ரோ இப்படி அளந்திருக்கிறது.

திருத்திய படமும் நிழலைப் போக்காது. குன்று சுற்றுப்புறத்திலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் எழுகிறது; செய்மதி காலை பத்தரை மணியளவில் கடக்கிறது. மார்கழியில் அந்நேரம் சூரியன் தென்கிழக்கே சாய்ந்திருப்பதால், நிழல் வடமேற்கே சுமார் 150 மீற்றர் நீளும். பத்து மீற்றர் பிக்சல் என்றால் பதினைந்து பிக்சல். அங்குள்ள மரங்கள் மார்கழியில் இருண்டும் சித்திரையில் வெளிச்சமாகவும் தெரிந்தால் மரத்தில் மாற்றமில்லை. மார்கழியை மார்கழியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

குளத்திலும் கவனம் வேண்டும். திருத்தக் கணக்கு, நிலம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக ஒளியைத் தெறிக்கிறது என்று வைத்துக்கொள்கிறது. சீகிரியாவில் காசியப்ப மன்னன் காலத்துக் கண்ணாடிச் சுவர் போல மினுக்கிய பரப்பு அப்படி நடக்காது; குளத்து நீரும் அப்படித்தான். சூரியன் உச்சிக்கு வரும் சித்திரையிலும் ஆவணிக் கடைசியிலும் நீர்ப்பரப்பு திடீரென வெளுத்தால் கலங்கல் என்று முடிவு கட்டாதீர்கள்; சூரியப் பளபளப்பாக இருக்கலாம்.

சேனைக்காரர் விடயத்துக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் காடு வெட்டப்படுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பாடசாலை அறிக்கையில் வரும் சிவப்புப் புள்ளி, மழையை நம்பிப் பயிர் செய்யும் ஒரு குடும்பத்தின் வாசலுக்கு அதிகாரியைக் கொண்டுவந்து நிறுத்தக்கூடியது. அதற்குரிய சான்று இரண்டு படம் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதத்துப் படத்தை வரிசையாக எடுங்கள். மேகமும் மேக நிழலும் பட்ட பிக்சல்களை, படத்தோடு வரும் வகைப்படுத்தல் அடுக்கைக் கொண்டு நீக்குங்கள். ஒற்றைப் பிக்சலை நம்பாமல் மூன்றுக்கு மூன்று பிக்சல் சராசரி எடுங்கள். படத்துக்குப் படம் இடம் சில மீற்றர் நகரும். சிவப்பு கூடி, அகச்சிவப்பு குறைந்து, அந்நிலை அடுத்த ஆண்டும் தொடர்ந்தால் மட்டும் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வனசீவராசிகள் அலுவலரிடம் சொல்லி, அவர் துணையோடு பகலில் போய்ப் பாருங்கள். யானை நடமாடும் காடு. பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம்.