தூண்டிலுக்கு முன் கண்

கேள்வி: பண்ணைப் பாலத்தடியில் பின்னேரம் முழுக்கத் தூண்டில் போட்டும் எனக்கு ஒன்றும் படுவதில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கொடுவா படுகிறதே, ஏன்?

பதில்: அவர் மீனைப் பார்க்கிறார், நீங்கள் மிதப்பைப் பார்க்கிறீர்கள். கொடுவா இரை தேடி அலையாது, பதுங்கி நின்று பிடிக்கும். நீர் வற்றும்போது பாலத்தடியால் ஓட்டம் இழுக்கும், இறாலும் சின்ன மீனும் அதோடு வரும். தூணுக்குப் பின்னால் நீர் தளர்ந்து சுழலும் இடத்தில் கொடுவா காத்து நிற்கும். உயிர் இறாலை ஓட்டத்தில் விட்டு அந்தச் சுழலுக்குள் போக விடுங்கள். அமாவாசை, பறுவத்தை ஒட்டிய நாட்களில் ஓட்டம் கூடும். ஆலாக்கள் ஓரிடத்தில் திரும்பத் திரும்பப் பாய்ந்தால் சின்ன மீன் கூட்டம் அங்கே.

திரளி துள்ளுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது சேற்றை மேய்வது, தூண்டிலில் அபூர்வம், வீச்சுவலைக்குத்தான் சரி. ஓரா பாசி தின்னி. இறாலைவிடக் கோதுமைமா உருண்டைக்கு வர வாய்ப்புக் கூட.

மீனின் குணத்தைப் படிப்பதில் குருநகர்க் கடற்றொழிலாளர்தான் வாத்தியார்மார். மறிப்பில் முட்டும் மீன் ஆழத்தை நோக்கித் திரும்பும். ஆழமில்லாத களக்கடலில் அவர்கள் மறிப்பாகக் கட்டும் சிறகுவலை நிற்பதே அந்தக் குணத்தை நம்பித்தான்.

ஒரு பின்னேரம் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போய் நீரோட்டத்தை மட்டும் பாருங்கள். பிறகு தூண்டிலோடு போய் ஓரா பட்டால் கழற்றும்போது கவனம், முள்ளில் விஷம் உண்டு. குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் கையை வையுங்கள்.