விளக்குக்கரியும் எழுதுமையும்: சுலைமானியாப் பள்ளிவாசலில் ஒரு முற்பகல்

இஸ்தான்புல் நகருக்கு இரண்டு மூன்று நாள் பயணமாகச் செல்வோர் சுல்தான் அகமது சதுக்கத்தை விட்டு அகல்வது அரிது. அயா சோபியாவும் நீலப் பள்ளிவாசலும் எதிரெதிரே நிற்கையில் வேறெங்கும் செல்வானேன் என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. எனினும் ஒரு முற்பகல் மட்டுமே எஞ்சியிருக்குமாயின், அதனை மூன்றாம் குன்றின்மேல் அமைந்த சுலைமானியாவுக்கே தருக என்போம். பள்ளிவாசல் என்பது தொழுமிடம் மட்டுமன்று என்று நாம் வகுப்பறையில் சொல்லியும் கேட்டும் வருகிறோம். அங்கே அதனை நடந்தே அறியலாம்.

சுல்தான் சுலைமானின் ஆணையால் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் 1550இல் தொடங்கி 1557இல் நிறைவு செய்த பணி இது. நடுக்குவிமாடம் ஏறத்தாழ 53 மீட்டர் உயரமுடையது. மினாராக்கள் நான்கு, அவற்றின் மாடங்கள் பத்து. கான்ஸ்டாண்டிநோபிள் வெற்றிக்குப் பின் சுலைமான் நான்காம் சுல்தான், உதுமானிய மரபில் பத்தாமவர் என்று வழிகாட்டிகள் இதற்குத் தவறாமல் விளக்கம் கூறுவர். நம்மைப் பெரிதும் ஈர்த்தவை கட்டுமானக் கணக்கேடுகளே. அவற்றை ஆராய்ந்து வெளியிட்டவர் துருக்கிய வரலாற்றறிஞர் ஓமர் லுத்ஃபி பர்கான். ஏட்டிற் கண்ட கைவினைஞர் மூவாயிரத்து ஐந்நூற்றுவருக்கு மேற்பட்டோர். அவருள் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் ஏறத்தாழச் சரிபாதி. இப்பள்ளியை எழுப்பிய கைகள் எவருடையவை என்பதற்கு இதனினும் உறுதியான சான்று வேண்டுவதில்லை.

காலணி களைந்து, பெண்டிர் தலைமறைத்து உள்ளே செல்ல வேண்டும். தொழுகை வேளைகளில் பார்வையாளருக்கு இடமில்லை. வெள்ளி நண்பகலைச் சுற்றுலாவுக்கெனத் தேர்ந்தெடுப்பவர் வாயிலிலேயே காத்திருக்க நேரும். முஸ்லிம் பயணிக்கு மட்டும் இங்கே ஒரு தனிப்பேறு உண்டு. பார்வையாளராக நுழைந்தவர், லுஹர் பாங்கு ஒலித்ததும் ஒளு செய்து அணியில் நின்றுவிடலாம். அண்ணாந்து வியந்த அதே மாடத்தின்கீழ்ச் சிரம் தாழ்த்துகையில் கட்டடம் வேறொன்றாகத் தோன்றுகிறது.

முன்னாளில் இங்கு எரிந்த எண்ணெய் விளக்குகளின் கரி சுவர்களில் படியாதவாறு, காற்றோட்டத்தால் தலைவாயிலின் மேலுள்ள அறைக்கு ஈர்க்கப்பட்டது என்றும், அங்கே திரண்ட கரியைக் கொண்டு எழுதுமை செய்தனர் என்றும் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஓலையிற் கீறிய எழுத்துத் தெளிவுறக் கரி பூசிய மரபில் வந்த தமிழ் மாணவருக்கு இச்செய்தி அயலாக இராது.

அம்மை எழுதிய கல்விக்கும் அருகிலேயே இடம் அமைந்தது. பள்ளியைச் சூழ மதரஸாக்கள், மருத்துவமனை, உணவுச்சாலை, குளியலகம் அனைத்தும் ஒரே திட்டத்தில் எழுந்தவை. மதரஸாக்களுள் இரண்டில் 1918 முதல் சுலைமானியா நூலகம் இயங்குகிறது. அரபு, பாரசீகம், உதுமானியத் துருக்கி ஆகிய மொழிகளின் கையெழுத்துப் படிகளை நாடி உலகெங்குமிருந்து ஆய்வாளர் வருகின்றனர். படம் பிடித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பும் கூட்டமோ அத்தெருவை எட்டிப் பார்ப்பதில்லை. நாமும் முதலில் அதனைத் தாண்டியே சென்றோம் என்பதை ஒளிப்பானேன்!

சுலைமானும் அவர் துணைவி ஹுர்ரமும் கிப்லாச் சுவருக்குப் பின்னுள்ள தோட்டத்தில் தனித்தனி மாடங்களின்கீழ்த் துயில்கின்றனர். 1588இல் மறைந்த சினானின் அடக்கத்தலமோ மதிலுக்கு வெளியே, தெருமுனையில் ஒரு சிறு முக்கோண நிலம். அதன் முனையில் வழிப்போக்கருக்கு நீர் வழங்குவதற்கென ஒரு தண்ணீர்ப் பந்தலும் சேர்த்தே கட்டப்பட்டுள்ளது.