திரும்பாத ஆக்சிலரேட்டர்: பிழை எங்கே?

காலை எடுத்த பின்னும் எஞ்சினின் வேகம் தணியாத கார், குன்னத்துகாலின் ஏற்ற இறக்கமான சாலைகளில் பேராபத்து. 2014-இல் உற்பத்தி நின்ற மாருதி 800 காரின் எம்.பி.எஃப்.ஐ. வகை போன்ற பழைய வண்டிகளில், மிதியையும் த்ராட்டிலையும் இணைப்பது ஓர் எஃகுக் கேபிளே. ஆதலால் பிழையை வீட்டு முற்றத்திலேயே அறியலாம். பழைய கார் வாங்குவோர் முன்பணம் கொடுக்குமுன் இதைச் செய்து பார்ப்பது நன்று.

எஞ்சினை நிறுத்தி ஆறவிடுங்கள். மிதியடி விரிப்பு மிதியில் சிக்கியுள்ளதா என்று முதலில் பாருங்கள். காரணம் சில வேளை அவ்வளவு எளியது. பின்னர் பானெட்டைத் திறந்து, த்ராட்டில் பாடியின் நெம்புகோலிலிருந்து கேபிளைக் கழற்றி, நெம்புகோலைக் கையால் திருப்பி விடுங்கள். அது 'டக்'கென்று மூடினால் பிழை கேபிளிலோ மிதியிலோ இருக்கும். இரு பருவமழையும் பெய்யும் இப்பகுதியில் கேபிள் உறைக்குள் ஈரம் புகுந்து துருவேறும். இழை பிரிந்த கேபிளுக்கு எண்ணெய் விடுவது வீண், மாற்றுவதே முறை. புதியதை மாட்டும்போது சிறிது தளர்வு விட வேண்டும்.

கேபிள் இன்றியும் நெம்புகோல் இறுகினால், எஞ்சின் ஆவியோடு வரும் எண்ணெய்ப் பசை கரியாகித் தகட்டின் விளிம்பில் படிந்திருக்கக்கூடும். அதற்குரிய கிளீனரில் நனைத்த துணியால் துடையுங்கள், கத்தியால் சுரண்டலாகாது. சுருள்வில் தளர்ந்திருப்பினும் இதே குறி தோன்றும்.

த்ராட்டில் முழுதும் மூடியும் எஞ்சின் இரைந்தால் அது வேறு நோய்: ஐடில் வால்வின் பழுதோ காற்றுக் கசிவோ காரணமாகலாம். இதை அறியாமல் நல்ல கேபிளை மாற்றிப் பணமிழப்போரும் உண்டு.

ஓட்டத்தில் இறுகினால் பிரேக்கை உறுதியாக அழுத்தி, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு மாற்றி, ஓரமாக நிறுத்துங்கள். எஞ்சின் அலறினாலும் அஞ்ச வேண்டாம். வண்டி நின்ற பின்னரே சாவியைத் திருப்புங்கள். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.