புதுக்குப்புறமும் பாதுகாப்பு விதியும்: பழங்கட்டடப் பராமரிப்பு நெறிகள் - கல்வெட்டுச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பழங்கட்டடங்களைக் காப்பதற்கு இன்று நடைமுறையில் உள்ள விதிகள் பெரும்பாலும் தடைவிதிகளாக அமைந்துள்ளன. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் காட்டும் நெறி இதனின் வேறுபட்டது. பழுதுபார்க்கும் கடமையை ஓர் அமைப்பிடம் ஒப்படைத்து, அதற்குரிய வருவாயையும் உடன் அளிப்பது அந்நெறி. இவ்விரு நெறிகளையும் ஒப்பிட்டு, முன்னையதன் சிறப்பையும் குறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புதுக்குப்புறம், பழங்கற்படி, திருப்பணி, சபை, மரபுக் கட்டடம், துணைவிதி

முன்னுரை

அகநானூற்றின் 167ஆம் பாடலில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாழ்பட்ட செங்கற்கோயில் ஒன்றைக் காட்டுகிறார். விட்டம் வீழ்ந்ததால் புறா மாடத்தை நீங்கிவிட்டது. சுவரில் எழுதப்பட்ட கடவுளும் அகன்றுவிட்டது. பலியிடுவார் இல்லை, திண்ணையை மெழுகுவாரும் இல்லை. பாடல் பாலைத்திணைக்குரியது, ஊரார் நீங்கிய இடத்தின் வெறுமையே அதன் நோக்கம். எனினும் கட்டடம் எவ்வாறு அழிகிறது என்பதைப் பற்றிய நுட்பமான கவனிப்பும் அதில் உள்ளது. அக்கோயிலை எவரும் இடிக்கவில்லை. மெழுகும் கை நின்றது, அதுவே போதுமானதாயிற்று.

பழங்கட்டடங்களைக் காக்க இயற்றப்படும் விதிகளை இக்கோணத்திலிருந்து நோக்குதல் தகும். இடிக்கும் கையைத் தடுப்பது ஒரு வகை விதி. மெழுகும் கை ஓயாமல் பார்த்துக்கொள்வது மற்றொரு வகை. பின்னதற்குத் தமிழ்க் கல்வெட்டுகளில் விரிவான சான்றுகள் உள்ளன. கட்டடக் காப்பைப் பற்றிய இன்றைய உரையாடலில் அவை போதிய இடம் பெறவில்லை.

புதுக்கு என்னும் சொல்

கல்வெட்டுகளில் கோயிற் கட்டடத்தைப் பழுதுபார்த்தலைக் குறிக்கப் ‘புதுக்கு’ என்னும் சொல் ஆளப்படுகிறது. அதற்கென விடப்பட்ட நிலம் புதுக்குப்புறம் எனப்பட்டது. திருவிளக்குப்புறம், திருநந்தவனப்புறம் என்பவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க சொல்லாட்சி இது. விளக்கு எரிய எண்ணெய் நாள்தோறும் தேவைப்படுவது போலக் கட்டடம் நிற்கப் பழுதுபார்ப்பும் இடையறாது தேவை என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது. கட்டடம் சிதைந்த பின் நிதி திரட்டும் ஏற்பாடு அன்று இது. சிதையும் முன்பே விளைநிலத்தின் வருவாய் அதற்கென ஒதுங்கியிருந்தது.

இச்சொல்லைப் ‘பாதுகாப்பு’ என்று பெயர்த்துவிட முடியாது. பாதுகாத்தல் உள்ளதை உள்ளவாறே நிறுத்துவது, புதுக்குதல் புதிதாக்குவது. சிற்ப நூலான மயமதமும் சீரணோத்தாரணத்துக்குத் தனி இயல் ஒதுக்கி, இலக்கணம் புலப்படும் நிலையில் உள்ள கட்டடத்தை அதற்குரிய பொருளாலேயே சீராக்கச் சொல்கிறது. முற்றும் சிதைந்ததைப் புதிதாக எடுப்பதற்கும் மரபு இடம் தந்தது. ஆகவே பழமையைப் போற்றிய சமூகம் பழைய கல்லையே போற்றியது என்று கொள்வது பிழையாகும். செம்பியன் மாதேவியார் செங்கற்றளிகள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். இன்றைய தொல்லியல் அளவுகோலின்படி அவை ஒவ்வொன்றும் ஒரு பழஞ்சின்னத்தின் இழப்பாகவே கணக்கிடப்படும்.

திருமழபாடி ஆணை

அவ்வாறு இடித்துக் கட்டும்போது எதைக் காக்க வேண்டும் என்பதில் அக்காலத்தவருக்குத் தெளிவு இருந்தது. திருமழபாடி வைத்தியநாதர் கோயிற் கல்வெட்டு இதற்குத் தலையாய சான்று. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1013) அக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க ஆணையிட்டான். பிரிக்கும் முன் சுவர்களில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்து வைக்க வேண்டும் என்பதும் அவ்வாணையின் பகுதி. அவை மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டது முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1026).

இடைப்பட்ட 13 ஆண்டுகள் கருதத்தக்கவை. ஆணையிட்ட மன்னன் மறைந்தான், ஆட்சி மாறியது. அத்தனை காலமும் அப்படிகள் எவரோ ஒருவர் பொறுப்பில் இருந்துள்ளன. ஓலையில் எழுதிய படிகளாகவே அவை இருந்திருக்க வேண்டும். கரையானுக்கும் ஈரத்துக்கும் இடையே அவற்றைக் காத்து மறுபடியும் சுவரேற்றிய செயல், விமானம் எடுத்த செயலுக்குக் குறைந்ததன்று.

திருமழபாடி தனிநிகழ்வும் அன்று. திருக்கோடிக்காவில் செம்பியன் மாதேவியார் கற்றளி எடுத்தபோது பழைய சாசனங்கள் புதுச்சுவரில் மீளப் பொறிக்கப்பட்டன. திருவல்லத்தில் நந்திவர்மனின் 17ஆம் ஆட்சியாண்டுச் சாசனம் ஒன்று பிற்கால எழுத்தில் காணப்படுகிறது. அது பழங்கற்படி என்பதைக் கல்வெட்டே அறிவிக்கிறது. மூலம் எது, படி எது என்று மறைக்காமல் சொல்லும் இந்த நேர்மை குறிப்பிடத்தக்கது.

இந்நெறியின் இழப்பையும் மறைத்தல் கூடாது. படியில் சொல் எஞ்சியது. எழுத்தின் வடிவம் அழிந்தது. திருவல்லத்துச் சாசனத்தைக் கொண்டு நந்திவர்மன் காலச் செய்தியை அறியலாம். அக்கால எழுத்தமைதியை அறிய முடியாது. படியெடுத்தவர் பிழைபடப் படித்த இடங்கள் இருப்பின் அவற்றைச் சரிபார்க்கவும் வழியில்லை. கொடையின் உரிமையைக் காப்பதே அன்று முதல் நோக்கம். நிலம் எவருக்கு, நெல் எத்தனை கலம் என்பது நிலைத்தால் போதும். வரலாற்றாசிரியரை எண்ணி எவரும் படியெடுக்கவில்லை. ஆயினும் அப்பயன் அவருக்கே கிட்டியது.

இன்றைய திருப்பணிகளில் இதற்கு நேர்மாறானதும் நிகழ்கிறது. மணலை விசையுடன் வீசிச் சுவரைத் தூய்மை செய்யும் முறை எழுத்தின் விளிம்பைத் தேய்த்துவிடும். கல்வெட்டுள்ள தளத்தின் மேல் பளிங்கோ ஓடோ பதித்தால் எழுத்து கண்ணுக்கு மறையும். இவற்றைச் செய்வோரும் ‘புதுக்குதல்’ என்றே கருதிச் செய்கின்றனர். புதுக்கும் வேட்கை தொடர்கிறது. அதற்கு முன் படியெடுக்கும் ஒழுக்கம் அற்றுப்போயிற்று.

பொறுப்பும் கணக்கும்

வருவாய் விட்டால் மட்டும் போதாது. அதைச் செலவிடுவோரைக் கட்டுப்படுத்தவும் வேண்டும். உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துச் சாசனங்கள் (கி.பி. 919, 921) வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த முறையை விளக்குகின்றன. அவை தேர்தல் முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. பராமரிப்பு நிருவாகம் என்ற நோக்கில் அவற்றைப் படிக்கும்போது வேறு இரு செய்திகள் முன்னிற்கின்றன. வாரியப் பொறுப்பு 360 நாட்களே. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர். ஏரி வாரியத்தைச் சார்ந்த இவ்விதியைக் கட்டடத்துக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல இயலாது. ஆனால் ஏரிக்கரையும் கோயிற்சுவரும் ஆண்டுதோறும் பழுதுபார்க்க வேண்டியவையே. இரண்டின் அறங்களையும் பல ஊர்களில் ஒரே சபை ஏற்று நடத்தியுள்ளது.

இந்நெறி கோயிலுக்கும் நீர்நிலைக்கும் உரியது; குடியிருப்புக்கு உரியதன்று. தெருவும் வீடும் எவ்வாறு காக்கப்பட்டன என்பதைக் கல்வெட்டுகளிலிருந்து இந்த அளவுக்கு அறிய முடிவதில்லை. இன்றைய சிக்கலோ பெரிதும் அங்கேதான் உள்ளது.

இக்கால விதிகளின் இயல்பு

1958ஆம் ஆண்டின் நடுவண் தொல்சின்னச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. அதன்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப்பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் சூழலுக்கேற்பத் தனித் துணைவிதிகள் வகுக்க வேண்டும் என்பதும் அத்திருத்தத்தின் கூறு. நல்ல எண்ணமே. தஞ்சைப் பெரிய கோயிலின் சுற்றுப்புறமும் மாமல்லபுரத்துக் கடற்கரையும் ஒரே அளவுகோலுக்கு அடங்குவன அல்ல. ஆனால் தூரத்தை அளப்பது எளிது. சூழலை ஆராய்ந்து விதி எழுதுவது அரிது. தடைப்பகுதிக்குள் வாழ்பவர் தம் பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதற்கும் அனுமதி பெற்றாக வேண்டும். அனுமதி தாமதமானால் மழை காத்திராது.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர்க்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழக்கூடாது என்னும் அரசாணை கோபுரக் காட்சியைக் காப்பது. மாசி வீதியிலுள்ள பழைய வீட்டின் ஓட்டுக்கூரையை மாற்ற அதில் வழியேதும் இல்லை. உயரத்தை அளக்கும் விதிக்கு உட்புறம் தெரியாது.

சென்னை அண்ணா சாலையில் 1897இல் எழுப்பப்பட்ட கார்டில் கட்டடம் இவ்வகை விதியின் எல்லையைக் காட்டும். 1934இல் பாரத் காப்பீட்டு நிறுவனத்தின் கைக்கு வந்ததால் அப்பெயராலேயே பின்னர் வழங்கிய கட்டடம் அது. 2006இல் தொடங்கிய இடிப்பு வழக்கினால் நின்றது. 2010இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனைக் காக்குமாறு தீர்ப்பளித்தது. நகரின் மரபுக் கட்டடங்களென நீதியரசர் பத்மநாபன் குழு தொகுத்த 467 இடங்களின் பட்டியலும் அத்தீர்ப்பால் வலுப்பெற்றது. ஒரு நகரத்தின் கட்டடக்கலை வரலாற்றில் அது பெரிய வெற்றி. ஆயினும் தீர்ப்புக்குப் பின்னும் பல ஆண்டுகள் அக்கட்டடம் சிதைந்த நிலையிலேயே நின்றது. இடிக்கக்கூடாது என்னும் ஆணை நிறைவேறியது, புதுக்குவார் வரவில்லை. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டமும் 2012இல் இயற்றப்பட்டு, 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது.

செட்டிநாட்டு வீடுகளின் நிலை இன்னும் சிக்கலானது. ஒரு வீட்டுக்கு உரிமையுடைய பங்காளிகள் பலர்; வாழ்வது பல நாடுகளில். திருமணத்துக்கும் படைப்புக்கும் வீடு திறக்கப்படும், வெள்ளையடிக்கப்படும். அவ்வகையில் பங்காளிகளின் வரியே அவ்வீட்டின் புதுக்குப்புறம். அந்த இசைவு குலையும்போது பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் தனித்தனியே விலைக்குப் போகின்றன. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் நிற்கும் நிலைக்கதவுகளை எந்தத் தூரவிதியும் தடுத்திருக்க இயலாது.

புதுச்சேரியின் இரு கட்டடநிலைகள்

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதியில் மாற்றுவழி ஒன்று சோதிக்கப்பட்டது. ஐரோப்பிய நிதியுதவியோடு நடந்த திட்டத்தில் தெருவை நோக்கிய முகப்புகள் சீராக்கப்பட்டன. செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர்களும் ஏற்றனர். திண்ணை, தாழ்வாரம், மரத்தூண் ஆகியன மீண்டும் ஒரே வரிசையாகத் தெருவில் புலப்பட்டன. 2008இல் யுனெசுகோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது அதற்குக் கிடைத்தது. தனித்தனி வீட்டைக் காட்டிலும் தெருவையே அலகாகக் கொண்டமையும், விதியோடு பணமும் வந்தமையும் அங்கு ஒருங்கு நேர்ந்தன.

அதே நகரத்தில் கடற்கரையை நோக்கி நின்ற மேரி கட்டடம் 19ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. எல்லோரும் மரபுச் சின்னமென ஒப்பியது. 2014 நவம்பர் மாத மழையில் அது தானே சரிந்தது. பின்னர் பழைய தோற்றத்தில் மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. தொல்லியலாரின் நோக்கில் இன்று நிற்பது ஒரு படி. திருமழபாடியில் ஆணையிட்டவனின் நோக்கில் அது புதுக்கு. ஆனால் அங்கு விமானத்தைப் பிரிக்கும் முன்பே படி எடுக்கப்பட்டிருந்தது; இங்குச் சுவர் விழுந்த பிறகே வேலை தொடங்கிற்று.