குறைந்த செலவில் வீட்டிலேயே லேசர் ஒளிக்காட்சி

1973 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் வானாய்வகத்தில் ‘லேசரியம்’ என்ற காட்சியை ஐவன் டிரையர் தொடங்கினார். கிரிப்டான் வாயு லேசரின் ஒளியைக் கோள அரங்கக் கூரையில் இசைக்கேற்ப ஆடவிட்ட அந்தக் காட்சிக்கு அன்று பெரிய கருவியும் பெரிய பணமும் வேண்டியிருந்தது. அதே வகை வளையங்களையும் பூவிதழ்களையும் இன்று ஒரு சின்ன லேசர், இரண்டு மோட்டார், இரண்டு கண்ணாடித் துண்டு இருந்தால் வீட்டுச் சுவரிலேயே வரையலாம். பழைய சாமான்கள் கையில் இருந்தால் ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். காட்சியின் அழகுக்கும் லேசரின் சக்திக்கும் சம்பந்தமில்லை. கண்ணாடியின் சாய்வும் மோட்டாரின் வேகமும்தான் எல்லாம். அதனால் காசையும் கவனத்தையும் அங்கே போடுங்கள்.

1. சிவப்பு லேசர் மாட்யூல் போதும். 650 நானோமீட்டர், 5 மில்லிவாட் அல்லது அதற்கும் குறைவு என்று கேட்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளில் பித்தளைக் குழாய் வடிவில், இரண்டு வயரோடு கிடைக்கும். முனையில் இருக்கும் லென்ஸைத் திருகினால் புள்ளி கூர்மையாகும். 3 வோல்ட் மாட்யூலா, 5 வோல்ட் மாட்யூலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 5 வோல்ட் என்றால் பழைய செல்போன் சார்ஜரே போதும்.

2. மலிவான பச்சை லேசர் பாயிண்டரைத் தவிர்த்துவிடுங்கள். நம் கண்ணுக்குப் பச்சை பளிச்சென்று தெரியும் என்பது உண்மைதான். ஆனால் இந்த வகையில் உள்ளே 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒன்று எரிகிறது. அது ஒரு படிகத்தில் 1064 நானோமீட்டர் ஒளியை உண்டாக்க, அந்த ஒளி இன்னொரு படிகத்தில் 532 நானோமீட்டர் பச்சையாக மாறுகிறது. மிச்சமாகும் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு ஃபில்டர் வேண்டும். விலையைக் குறைக்க அதை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தர அளவீட்டு நிறுவனம் 2010-ல் இப்படிப்பட்ட ஒரு மலிவு பாயிண்டரைச் சோதித்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அதிலிருந்து ஆபத்தான அளவில் கசிவதை வெளியிட்டது. பார்க்க முடியாத ஒளிக்குக் கண் சிமிட்டாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

3. மோட்டாருக்குப் பழைய டிவிடி பிளேயரைப் பிரியுங்கள். தட்டை உள்ளே இழுக்கும், வெளியே தள்ளும் இரண்டு வயர் மோட்டார்தான் நமக்கு வேண்டும். வட்டைச் சுழற்றும் மோட்டாரில் பல வயர்கள் இருந்தால் அது தனி டிரைவர் இல்லாமல் ஓடாது. உடைந்த பொம்மைக் காரின் மோட்டாரும் நன்றாகவே வேலை செய்யும்.

4. கண்ணாடி ஒட்டுவதில் அவசரம் கூடாது. காட்சி நன்றாக வருவதும் வராததும் இங்கேதான் முடிவாகிறது. கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கும் ஒரு அங்குல வட்டக் கண்ணாடிகளில் மெல்லியதாகவும் தட்டையாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். துணியில் தைக்கும் சில கண்ணாடிகள் லேசாகக் குவிந்திருக்கும். அவற்றில் புள்ளி சிதறிவிடும். தடித்த கண்ணாடியும் ஆகாது. அதன் முன்பக்கம் ஒரு புள்ளியையும் பின்பக்க ரசப்பூச்சு இன்னொரு புள்ளியையும் அனுப்பும். சுவரில் ஒவ்வொரு கோடும் இரட்டையாகத் தெரியும்.

மோட்டார் தண்டில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தைச் செருகி, அதன்மேல் இரட்டைப் பக்க டேப்பால் கண்ணாடியை ஒட்டுங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து வையுங்கள். அந்தச் சாய்வுதான் வட்டத்தை வரைகிறது. கண்ணாடி எவ்வளவு சாய்கிறதோ அதைப்போல இரண்டு மடங்கு ஒளி விலகும் என்பதால், 1 டிகிரி சாய்வே 3 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஏறக்குறைய 20 செ.மீ. அகல வட்டம் தரும். இதற்கு மேல் சாய்த்தால் மோட்டார் குலுங்கும். கண்ணாடி கழன்று பறக்கவும் கூடும். முதல் ஓட்டத்தின்போது கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி இருக்கட்டும்.

5. இரண்டு மோட்டாருக்கும் தனித்தனி வேகக் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். ரேடியோவில் வரும் சாதாரண 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலை நேராக மோட்டாரோடு இணைத்தால் ஒன்று மோட்டார் ஓடாது, இல்லையென்றால் கண்ட்ரோல் கருகும். பிடபிள்யூஎம் ஸ்பீடு கண்ட்ரோலர் என்று கேளுங்கள். சிறிய போர்டில் ஒரு குமிழோடு வரும். மோட்டாரின் இரு முனைகளுக்கு நடுவே 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தால் மின்இரைச்சல் குறையும். லேசருக்குத் தனி சார்ஜர் வைப்பது நல்லது.

6. லேசரை முதல் கண்ணாடியில் சுமார் 45 டிகிரியில் விழச் செய்து, அங்கிருந்து இரண்டாவது கண்ணாடிக்கும் பிறகு சுவருக்கும் திருப்புங்கள். கண்ணாடிகளுக்கு நடுவே ஐந்தாறு செ.மீ. போதும். தள்ளி வைத்தால் முதல் கண்ணாடி வரையும் வட்டம் இரண்டாவதன் விளிம்பைத் தாண்டிவிடும். சாய்வாக விழுவதால் வட்டம் சற்று முட்டை வடிவில் தெரியும், அது குறையல்ல.

7. இனி குமிழ்களைத் திருப்பலாம். சுவரில் சுழற்சிகள் எதிரெதிர்த் திசையில் இருந்து, ஒன்றின் வேகம் மற்றதைப் போல இரு மடங்கானால் மூன்று இதழ் வரும். மூன்று மடங்கானால் நான்கு இதழ். 2-க்கு 3 என்ற விகிதத்தில் ஐந்து. இரண்டு எண்களையும் கூட்டினால் இதழ்க் கணக்கு. ஒரு மோட்டாரின் வயர்களை மாற்றிப் போட்டுத் திசையை ஒன்றாக்கினால் கணக்கு கழித்தலாகிவிடும். 1-க்கு 4 என்றால் மூன்று சுருள். விகிதம் சரியாகப் பொருந்தாமல் துளி விலகியிருக்கும்போது உருவம் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். பார்க்க அதுதான் மிக அழகு, ஆகவே அசையாமல் நிறுத்தப் பாடுபட வேண்டாம். கோடு விட்டுவிட்டு மினுங்கினால் இரண்டு வேகத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

8. எல்லாவற்றையும் மூடிய மரப்பெட்டியில் பொருத்தி, ஒளி வெளியேற உள்ளங்கை அளவு ஜன்னல் மட்டும் விடுங்கள். பெட்டியை அலமாரி மேல் வைத்து, நிற்பவர் தலைக்கு மேலே சுவரில் படும்படி திருப்புங்கள். பீரோ கண்ணாடி, டிவி, எவர்சில்வர் பாத்திரம் எதுவும் எதிரில் இருக்கக் கூடாது. ஜன்னல் வழியே வானத்தை நோக்கி ஒருபோதும் அடிக்காதீர்கள். விமானியின் கண் கூசினால் பல உயிர்களுக்கு ஆபத்து. செல்போனில் படம் எடுப்பதானால் சுவரை மட்டும் எடுங்கள், நேர் ஒளி கேமராவைக் கெடுத்துவிடும்.

9. ஒளிக்கற்றையே காற்றில் தெரிய வேண்டுமென்றால் புகை இயந்திரம் வாங்க வேண்டாம். சாம்பிராணி போதும். புகை பெட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணாடியில் படிந்தால் கோடு மங்கும்.

10. மோட்டாருக்குப் பதில் ஸ்பீக்கரும் உண்டு. பிவிசி குழாயின் ஒரு முனையில் பலூனை இழுத்துக் கட்டி, மறுமுனையை ஸ்பீக்கர் மேல் நிறுத்துங்கள். பலூனில் விரல்நக அளவுக் கண்ணாடியை ஒட்டுங்கள். நடுவில் ஒட்டினால் அது முன்னும் பின்னும் மட்டுமே போகும்; நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் ஒட்டினால்தான் சாய்ந்தாடும். சுருதிப்பெட்டியின் ஒற்றைச் சுரத்துக்கு நிலையான வளையம் வரும், பாட்டுக்குக் கோடுகள் தாவும். தாழ்ந்த ஒலிக்கு அசைவு அதிகம் என்பதால் தவில், மிருதங்கம் உள்ள இசையில் தொடங்கிப் பாருங்கள்.