வானவூர்தி வழியும் நாழிகைக் கணக்கும்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கு அணித்தாயுள்ள கே.கே. நகரிலே, கிழக்கே சிங்கப்பூரும் மேற்கே ஷார்ஜாவும் நாடோறும் நாவிற் பயிலும் பெயர்கள். மைந்தரையோ கணவரையோ ஆங்குத் தொழிலுக்கு அனுப்பியிருக்கும் இல்லத்தாரை நோக்கி, இவ்விரண்டனுள் நமக்கு அணித்தானது யாது என வினவின், ஷார்ஜாவே என்பார் பலர். பயணச்சீட்டு அவ்வாறு மயங்கச் செய்கின்றது. இரவு பத்து மணிக்கு இரண்டு விமானங்கள் புறப்படுவனவாகக் கொள்வோம். ஒன்று ஷார்ஜாவில் இறங்குங்கால் அவ்வூர்க் கடிகாரம் பன்னிரண்டரை காட்டும். மற்றொன்று சிங்கப்பூரில் இறங்குங்கால் விடியற்காலை நாலரை ஆகியிருக்கும்.

உண்மைத் தூரத்தை நாமே கணித்தறியலாம். தமிழ் பயில்வார்க்குக் கணிதம் எற்றுக்கு என நண்பர் நகைத்தல் கூடும். பள்ளியிற் கற்ற வர்க்கமூலமே இதற்குப் போதும். திருச்சிக்கும் ஷார்ஜாவுக்கும் அட்சரேகை வேற்றுமை 14.6 பாகை, தீர்க்கரேகை வேற்றுமை 23.2 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவன ஆகலின், பின்னதை அப்படியே கொள்ளலாகாது. இரண்டு ஊர்களுக்கும் நடுவான 18 பாகை அட்சரேகைக்குரிய 0.95 என்னும் எண்ணாற் பெருக்கிக் குறைத்தல் வேண்டும். அவ்வாறு பெறுவது 22. இவ்விரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டி மூலங்காண, ஏறக்குறைய 26.4 பாகை கிடைக்கும். பாகை ஒன்றுக்கு 111 கிலோமீட்டராக, தூரம் 2,930 கிலோமீட்டர். சிங்கப்பூருக்கும் இங்ஙனமே கணிப்பின் 2,980 வரும். வேற்றுமை ஐம்பதே கிலோமீட்டர்! (ஐரோப்பா போன்ற நெடுந்தொலைவுக்கு இம்முறை பிழைபடும், ஆண்டுக் கோளத்தின் வளைவைக் கணக்கிடும் வேறு முறை வேண்டும்.)

மணிக்கு 800 கிலோமீட்டர் விரைவெனின், வான்வழி மூன்றே முக்கால் மணிக்குச் சிறிது குறையும். ஏறுதற்கும் இறங்குதற்கும் விரைவு குறைதலால், எவ்வூர்க்காயினும் நான்கு மணி என்று கொள்க. எதிர்காற்று இதனைச் சிறிது நீட்டவுங்கூடும். ஷார்ஜாக் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பிந்தியது. சிங்கப்பூர்க் கடிகாரம் இரண்டரை மணி முந்தியது. சீட்டின் மயக்கமெல்லாம் இதனால் விளைந்ததே.

இந்நான்கு மணிக் கணக்கு எரிபொருளுக்கும் அடிப்படையாம். தூரத்துக்கு வேண்டுவதோடு, இடர்க்காலத்துக்கென மிகுதியும் நிரப்புவர். 2024 அக்டோபர் 11-ஆம் நாள் மாலை 5.40 மணியளவில் திருச்சியினின்று ஷார்ஜாவுக்கு எழுந்த விமானத்தில், நீரியல் அழுத்த அமைப்புப் பழுதுற்றது. திரும்பி உடனே இறங்கவும் இயலவில்லை. நெடுவழிக்கென நிரப்பிய எரிபொருளின் பாரம் தடையாயிற்று. அதனை வானிலேயே வெளியேற்றும் வசதி அவ்வகை விமானத்துக்கு இல்லை. ஆதலின் எரித்தே குறைத்தல் வேண்டி, அது நகரைச் சூழ்ந்து வட்டமிட்டது. கீழே ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் காத்து நின்றன. உற்றார் செய்தியை நோக்கித் துடித்தனர். இரண்டரை மணி நேரம், அஃதாவது ஷார்ஜா வழியிற் பாதிக்கு மேற்சென்றிருக்கத்தக்க பொழுது, ஓரூரின் மேலேயே கழிந்தது. இரவு 8.15 மணியளவில் விமானம் புறப்பட்ட ஓடுபாதையிலேயே நலமே இறங்கிற்று.