பெயர் அறியாத உபகாரிகள்

2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத நடுவில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. பம்பை நதி கரைபுரண்டு செங்கன்னூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. அவ்வேளையில் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம், பூந்துறை முதலிய கடற்கரைகளின் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வெள்ளப் பகுதிகளுக்கு விரைந்தனர். கடலுக்கென்று கட்டிய படகுகள் தெருக்களில் ஓடின. நீருக்குள் மறைந்திருந்த மதிற்சுவர்களில் மோதிப் பழுதாயின. மாநிலமெங்குமிருந்து இவ்வாறு சென்ற மீனவர்கள் 4,537 பேர், படகுகள் 669, மீட்கப்பட்டோர் 65,000-க்கும் மேல் என்பது அரசின் கணக்கு. நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தபோது, உயிர் காத்ததற்குக் கூலி வேண்டாம் என்றவர்களும் அவர்களுள் இருந்தனர்.

இதற்கு ஒன்பது மாதங்கள் முன்புதான், 2017 நவம்பர் இறுதியில், ஒக்கிப் புயலில் இதே கடற்கரைகள் தம் மக்களைப் பறிகொடுத்திருந்தன. துக்கம் ஆறாத வீடுகளிலிருந்தே அப்படகுகள் புறப்பட்டன.

கூரைமேலிருந்து இறக்கப்பட்ட ஒருவர் இக்கடனை எவ்வாறு தீர்ப்பார்? கைகொடுத்தவரின் பெயர் அவருக்குத் தெரியாது. படகோ மறுநாளே ஊர் திரும்பிவிட்டது. ‘இறைவன் காப்பாற்றினான்’ என்று அவர் சொன்னால் அது உண்மையே. ஆயினும் துடுப்புப் பிடித்த கையை மறப்பதற்கு அச்சொல் சாக்காகிவிடக் கூடாது. பக்தர்களிடமும் இக்குறை காணப்படுவதுண்டு.

தீர்க்க முடியாத கடனை அன்றாடக் கடமையாக மாற்றிக்கொள்வதே நம் முன்னோர் கண்ட வழி. தேவர், ரிஷிகள், பித்ருக்கள், மனிதர், பிற உயிர்கள் ஆகிய ஐவர்க்கும் நாள்தோறும் செய்யவேண்டிய பஞ்ச மகா யக்ஞம் இதற்காகவே விதிக்கப்பட்டது. கொடுத்தவருக்குத் திருப்பித் தர இயலாவிட்டால், எதிரில் வரும் மற்றவருக்குத் தரலாம். வள்ளுவர் செய்ந்நன்றியறிதலை இனியவை கூறலுக்கு அடுத்த அதிகாரமாக வைத்திருப்பதும் சிந்திக்கத்தக்கது. நன்றி முதலில் நாவில்தான் பழக வேண்டும் போலும்!

இப்பழக்கத்தைப் பெயரிலிருந்து தொடங்கலாம். விடியுமுன் பால் கொண்டுவருபவர், தெருவைப் பெருக்குபவர், தலைச்சுமையாகக் காய்கறி கொணரும் அம்மையார் ஆகியோரின் பெயர் எத்தனை வீடுகளில் தெரியும்? பத்து ஆண்டுகள் ஒருவர் கையால் பொருள் வாங்கியும் ‘பால்காரர்’ என்றே அழைத்து வருவது, வெள்ளம் வராத நாளிலும் உபகாரியைப் பெயரின்றி அனுப்பிவிடுவதே ஆகும். ஒருநாள் பெயரைக் கேட்டறிந்து, மறுநாள் அப்பெயர் சொல்லி வரவேற்பதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. அவருடைய காய்ச்சலும் அவர் மகளின் தேர்வும் அதன்பின் தாமாகவே கண்ணில் படும்.

உண்ணுமுன் ஒரு கணம் மௌனமாயிருந்து, இலையிலுள்ள ஒரு பொருளையேனும் அது விளைந்த இடம்வரை மனத்தால் பின்தொடர்வது மற்றொரு பழக்கம். உப்பு ஒன்றைத் தொடர்ந்தாலே உப்பளத்து வெயில் நினைவுக்கு வரும். அவ்வாறு நினைத்தவர் சோற்றை வீணாக்கத் தயங்குவார்.

இரவில், தமக்கு வாய்த்த நலன்களைச் சிலர் பட்டியலிடுகின்றனர். அது நன்றே. ஆனால் ‘எனக்கு இது கிடைத்தது, அது கிடைத்தது’ என்று எண்ணிக்கை நீளும்போது, நன்றி மெல்ல மெல்லத் தன்னிறைவாக மாறிவிடுகிறது. ‘இன்று எனக்காக உழைத்தவர் யார்?’ என்று கேட்டு, ஒரே ஒருவரின் முகத்தை நினைத்துவிட்டுக் கண்மூடலாம். அந்நேரத்திலும் விழிஞ்ஞத்துக் கடலில் படகு விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்.